நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு கைப்பிடி

அத்தியாயம் 14

போன வாரம் நாம் இந்த வீட்டை விட்டு வரும்போது நாலாவது மாடிச் சமையலறையில் விளக்கு அணைந்திருந்தது. பாஸ்தா மெஷின் மட்டும் துணி போர்த்திக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்று காலை அந்தத் துணியை எடுத்தாயிற்று.

விடுமுறையின் முதல் ஞாயிறு. மதியம் ஒன்றரைக்கு நண்பர்கள் மூன்று பேர் சாப்பிட வருகிறார்கள். பாஸ்தா, பீட்சா இரண்டையும் வீட்டிலேயே செய்வதாகச் சின்னவள் சொல்லியிருக்கிறாள். சொன்னபோது மெஷினுக்குக் கைப்பிடி இல்லை. இப்போதும் இல்லை.

மெஷின் சின்னவளிடம் இருக்கிறது. அதைச் சுற்றும் இரும்புக் கைப்பிடி அவள் அக்காவிடம் இருக்கிறது. அக்கா, நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி, ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் இருக்கிறாள். நடுவில் மூன்று வருடம் கிடக்கிறது.

எல்லாம் உப்பால் வந்தது. அக்கா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கொடுப்பவள். எதையும் தராசில் வைத்த பிறகுதான் நம்புவாள். சின்னவள் தையல்காரி. ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், அளவு நாடா அவளுக்கு வேண்டாம். மூன்று வருடம் முன்பு, இதே விடுமுறையில், இதே நண்பர்களுக்காக இருவரும் பீட்சா மாவு பிசைந்தார்கள். அக்கா பத்து கிராம் உப்பை நிறுத்துப் போட்டாள். அதைப் பார்க்காத தங்கை தன் கையளவுக்கு ஒரு பிடி போட்டாள். வாயில் வைத்தவர்கள் எல்லாம் தண்ணீர் தேடி ஓடினார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள் அக்கா, எல்லோர் முன்னாலும்.

"என் வீட்ல நான் யாரைக் கேக்கணும்?" என்றாள் தங்கை. அதுவும் எல்லோர் முன்னாலும்.

அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. தங்கைக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், கல்யாணம் பண்ணி வைத்ததும் அக்காதான். கல்யாணத்துக்குப் பிறகும் இதே வீட்டின் சின்ன அறையில் அவர்களோடுதான் இருந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுநாள் காலை இரண்டு பெட்டிகளோடு படியிறங்கினாள். கைப்பிடியும் அவளோடு போனது.

மூன்று வருடமாக இவள் அதைக் கேட்கவில்லை. அவள் தரவும் இல்லை.

இன்னும் பன்னிரண்டு நாளில் சின்னவளும் அவள் கணவனும் இந்த வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊரை விட்டே கிளம்புகிறார்கள். அக்காவுக்கு அது தெரியாது.

*

"இந்தக் கட்டையால தேச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க வந்து, பசிச்சு, தூங்கியே போயிடுவாங்க" என்றான் கணவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் விரல் நுனியில் கிரீஸ் கறுப்பு இருக்கும். குறடை மெஷின் ஓட்டைக்குள் விட்டுத் திருகிப் பார்த்தான். உருளைகள் கால் சுற்று சுற்றிவிட்டு நின்றன.

"அதை விடுங்க. பல்லு தேஞ்சுடும்."

சின்னவள் முட்டை மாவைப் பிசைந்து முடித்திருந்தாள். ஐந்து முட்டை, மஞ்சளாக, கன்னம் போல மிருதுவாக வந்திருந்தது மாவு. அதைக் கிண்ணத்தால் மூடி ஓய்வுக்கு விட்டாள். கட்டையால் தேய்த்தால் ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் கிழியும். மெஷின் என்றால் ஒருத்தர் சுற்ற, ஒருத்தர் அந்தப் பக்கம் கையை ஏந்தி வாங்க வேண்டும். இந்த வீட்டில் சுற்றுவது அக்கா, வாங்குவது தங்கை. அது மாறியதே இல்லை.

கணவன் எழுந்து போய் டூல் பையைக் கொண்டுவந்தான். அடியில் கையை விட்டு, பழைய துணியில் சுற்றிய எதையோ எடுத்தான்.

வளைந்த கம்பி. ஒரு முனையில் மரப்பிடி. இன்னொரு முனை மெஷின் ஓட்டைக்குச் சரியாக இருக்கும்படி அறுகோணமாக ராவப்பட்டிருந்தது.

"எப்ப செஞ்சீங்க?"

"அக்கா போன அடுத்த வாரம்."

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா பைக்குள்ளயே வெச்சிருக்கீங்களா?"

"குடுத்தா நீ வாங்க மாட்டேன்னு தெரியும். செய்யாமலும் இருக்க முடியல." அவன் தலையைச் சொறிந்தான். "இன்னைக்காவது போட்டுக்கறியா? நான் சுத்தறேன்."

அவள் மரப்பிடியை விரலால் தடவினாள். நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். இதைப் பொருத்தினால் மெஷின் ஓடும். ஓடிவிட்டால் யாரும் வரவேண்டிய அவசியம் இல்லை.

"பையிலேயே இருக்கட்டுங்க" என்றாள்.

அவன் அதைத் திரும்பத் துணியில் சுற்றிவைத்தான்.

போன் அடித்தது. தோழி. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், காரணத்தோடுதான்.

"சொல்லிட்டேன்டி உங்கக்காகிட்ட, நீ பாஸ்தா போடறேன்னு. மருந்துச் சீட்டை நீட்டிக்கிட்டே சொன்னேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு டியூட்டின்னா."

"வரேன்னு சொன்னாளா?"

"வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. என் சீட்டுல தேதி தப்புன்னு மட்டும் சொன்னா."

"ஊர் மாறுறது..."

"நான் எதுக்குடி அதைச் சொல்லப்போறேன்? என்னைப் பத்தி என்ன நினைச்சே?"

சின்னவள் போனை வைத்தாள். அக்காவிடம் அதைத் தானே சொல்ல வேண்டும், அதுவும் மெஷின் ஒரு தடவையாவது ஓடின பிறகு சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. முதலில் சொன்னால் அக்கா வழியனுப்ப வருவாள். அவளுக்கு வேண்டியது வழியனுப்ப வருகிற அக்கா இல்லை. மாவைச் சுற்ற வருகிற அக்கா.

ஒன்பதரைக்குப் பீட்சா மாவைத் தொடங்கினாள். மாவு, வெதுவெதுப்பான தண்ணீர், ஈஸ்ட். மூன்றையும் கலந்து அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். அதன் பிறகே உப்புப் போட்டுப் பிசைய வேண்டும். இதுவும் அக்காவின் சட்டம்.

ஈரத்துணியால் மூடினாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய தராசை இறக்கித் துடைத்து மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்பு ஜாடியையும் எடுத்து, மூடியைத் திறந்து, அதன் பக்கத்தில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது.

*

அக்கா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். தோளில் கறுப்புப் பை. காதோரம் நரை போன தடவையைவிட ஒரு விரல் அகலம் கூடியிருந்தது.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் ஓடல" என்றாள்.

"அது வேற கம்பெனி லிஃப்ட், அக்கா" என்றான் கணவன் உள்ளேயிருந்து. "நான் தொட்டா கேஸ் போட்டுடுவாங்க. வாங்க, வாங்க."

"இளைச்சுட்டீங்க தம்பி."

"நீங்க இல்லாம சாப்பாடு அளவா கிடைக்குது."

சின்னவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். அக்கா அவளைத் தாண்டி உள்ளே வந்து, செருப்பை எப்போதும் விடும் மூலையில் விட்டாள். மூன்று வருடமாக அந்த மூலையில் இவர்கள் இருவருமே செருப்பு விட்டதில்லை.

கதவுக்குப் பின்னால் புது ஏப்ரன் தொங்கியது. நீலம். இரண்டு பாக்கெட். அக்கா எடுத்து மாட்டிப் பார்த்தாள். தோளில், இடுப்பில், நீளத்தில், எங்கேயும் விரற்கடை பிசகவில்லை.

"யாரு அளவு?"

"சும்மா கண்ணளவுதான்."

"ம்" என்றாள் அக்கா. பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பிறகு கறுப்புப் பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தாள். மருந்தகத்தில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் உறை. காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். எந்தக் கட்டத்திலும் அக்கா எதுவும் எழுதியிருக்கவில்லை. உள்ளே இருந்த கைப்பிடியை மேடையில் வைத்தாள். உறையை நாலாக மடித்து ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

துருப்பிடித்திருக்கும் என்று நினைத்திருந்தாள் சின்னவள். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அது பளபளத்தது.

"மாவு ரெடியா?" என்றாள் அக்கா.

"பாஸ்தா மாவு ரெடி."

"அது?" ஈரத்துணி மூடிய பாத்திரத்தைக் கண்ணால் காட்டினாள்.

"அதை நீ பிசைஞ்சுடேன். நான் தக்காளியைப் பாக்கறேன்."

அக்கா துணியை விலக்கினாள். பக்கத்தில் தராசு. திறந்த உப்பு ஜாடி. அவள் எதையோ கேட்க வாயெடுத்தது போலிருந்தது. கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவுக்குள் இரண்டு கையையும் இறக்கினாள்.

சின்னவள் அடுப்பின் பக்கம் திரும்பி நின்று தக்காளியைக் கிளறினாள். முதுகுக்குப் பின்னால் மாவு பலகையில் விழும் சத்தம் கேட்டது. தப், தப். சின்ன வயதில் தூங்கப்போகும்போது கேட்ட சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே கிளறியதில் சாஸ் அடிப்பிடிக்கப் பார்த்தது.

*

அப்போதெல்லாம் அவர்களுக்கு ஒரே அறை. மெஷின் கிடையாது. நூலகத்திலிருந்து அக்கா ஒரு சமையல் புத்தகம் எடுத்து வந்தாள். தூர தேசத்துச் சமையல். அக்கா அதைக் கதை போல வாசிப்பாள். நாடா போல வெட்டுவதற்கு ஒரு பெயர், பட்டாம்பூச்சி போல மடிப்பதற்கு ஒரு பெயர், காது மாதிரி குழிப்பதற்கு இன்னொரு பெயர். அவை உணவின் பெயர்கள் என்றே சின்னவள் நினைக்கவில்லை. என்றைக்காவது போய் இறங்கப்போகும் ஊர்களின் பெயர்கள் என்று நினைத்தாள். காலி பாட்டிலால் மாவு தேய்த்து, கத்தியால் கீறி, நாற்காலியின் முதுகில் காயப்போடுவார்கள். மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டையெல்லாம் மாவாகும்.

அந்தப் புத்தகம் திரும்ப நூலகத்துக்குப் போகவே இல்லை. அதைக் கேட்காமல் விட்ட நூலகர்தான் இன்று வரப்போகும் மூன்று நண்பர்களில் ஒருவர்.

"ஒண்ணுல வைக்கவா?" என்றாள் அக்கா, மெஷின் முன்னால் நின்று.

"ஒண்ணுல வை."

மெஷினின் பக்கத்தில் எண் போட்ட திருகு இருக்கிறது. ஒன்று என்றால் அகலம், ஆறு என்றால் ஏறக்குறைய கண்ணாடி. அக்கா கைப்பிடியைச் சொருகினாள். கடக் என்று உட்கார்ந்தது.

சின்னவள் இந்தப் பக்கம் கைகளை ஏந்தினாள்.

முதல் சுற்றில் மாவு திக்கித் திக்கி வந்தது. மடித்துத் திரும்ப விட்டார்கள். இரண்டு. மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் தகடு நீளமாகி, சின்னவளின் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையில் வழிந்தது. அக்கா எப்போது வேகம் குறைப்பாள் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அவள் கை எப்போது நழுவும் என்று அக்காவுக்கும் தெரிந்திருந்தது. இருவரும் மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் எண்ணில் அக்கா பேசினாள்.

"அன்னைக்கு நான் வேணும்னு எடுத்துட்டுப் போகல."

சின்னவள் தகட்டைப் பிடித்திருந்தாள். நகர முடியாது.

"ஏப்ரன் பாக்கெட்ல இருந்திருக்கு. ஏப்ரனைச் சுருட்டிப் பெட்டியில போட்டுட்டேன். குவாட்டர்ஸ்ல போய் உதறினா, கால்ல விழுந்துச்சு. நகம் கறுத்துப் போச்சு."

"நான் நினைச்சேன், நான் மட்டும் தனியா செஞ்சுடக் கூடாதுன்னு..."

"தெரியும். அப்படித்தான் நினைப்பே."

"அப்புறம் ஏன் கொண்டுவந்து தரல?"

"நீ கேக்கல."

தகடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள் அக்கா. "அஞ்சுக்கு மாத்து."

சின்னவள் ஒரு கையால் திருகை மாற்றினாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பன்னிரண்டு நாள், இரண்டு இரவு ரயில் பயணம், துறைமுகத்துப் பக்கம் உயரமான கட்டடங்கள், அவருக்கு அங்கே வேலை. நாலு வாக்கியம். ஆனால் தகடு ஐந்தாம் எண்ணில் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. இது முடியட்டும் என்று நினைத்தாள்.

அது முடிந்ததும் அடுத்த உருண்டை.

நாடா நாடாவாக வெட்டி நாற்காலிகளில் காயப்போட்டார்கள். பின்பக்கம் கூடத்தைக் கடந்து போன கணவன், "நான் இன்னைக்கு நின்னுக்கிட்டேதான் சாப்பிடணுமா?" என்று கேட்டான். அக்கா சிரித்தாள். மூன்று வருடத்தில் அந்தச் சமையலறைச் சுவர்கள் அதைக் கேட்டதில்லை.

பீட்சா மாவு மட்டும் அன்று ஏனோ அடங்கவில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உப்பி, உருட்டினால் உருண்டையாக நிற்காமல், தட்டில் படுத்துக்கொண்டது.

அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மாவைத் தட்ட ஆரம்பித்தாள்.

*

ஒன்றரைக்கு மூவரும் வந்தார்கள். ரேடியோ, நூலகர், நீச்சல் மாஸ்டர். நீச்சல் மாஸ்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் பசியோடுதான் போவார். நூலகர் எங்கே போனாலும் நூலகத்தில் இருப்பது போலத்தான் இருப்பார்.

அக்காவைப் பார்த்ததும் மூவரும் ஒரு கணம் வாசலிலேயே நின்றார்கள். "என்ன, உள்ள வர மாட்டீங்களா? சண்டை எல்லாம் முடிஞ்சுடுச்சு, டிக்கெட் கிடையாது" என்றான் கணவன். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஓவன் சின்னது. ஒரு நேரத்தில் ஒரு பீட்சாதான் வேகும். முதலாவது வெளியே வந்ததும் ஆறு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள் சின்னவள். சீஸ் நூல் நூலாக இழுபட்டது. கருகிய தக்காளி வாசனை கூடமெல்லாம் நிறைந்தது.

எல்லோரும் மென்றார்கள்.

எப்போதும் பசியோடு வருபவர்கூட மெதுவாகத்தான் மென்றார்.

நீச்சல் மாஸ்டர் இரண்டாவது வாய் கடித்துவிட்டு, துண்டைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "மேல இருக்கறவங்க எல்லாம் நல்லா பேசறாங்க. கீழ இருக்கறவர்தான் வாயே திறக்க மாட்டேங்கறார்."

ரேடியோ ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்று பார்த்தாள். முகத்தைச் சமாளித்துக்கொண்டாள்.

நூலகர் தண்ணீர் குடித்தார். துடைத்துக்கொண்டார். பிறகு, அன்று முதல் முறையாகப் பேசினார்.

"மாவுல உப்பு இல்ல."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "ஜாடி திறந்திருந்துச்சே."

"நீ போடுவேன்னுதான் திறந்து வெச்சேன். தராசைக்கூட துடைச்சு வெச்சேனே."

"மாவு துள்ளும்போதே எனக்குச் சந்தேகம்."

"அப்ப கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேப்பேன்? உன் வீடு."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே அது காதில் விழுந்தது. கையில் துண்டோடு அப்படியே இருந்தாள். சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று கணவன் எழப்போனான். அவள் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். அடக்க அடக்க வந்தது. அக்கா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு ரெண்டு பங்கு, இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. கூட்டி வகுத்தா சரியாப் போச்சு" என்றாள். நீச்சல் மாஸ்டர் மேசையைத் தட்டினார். நூலகர்கூடத் தோளைக் குலுக்கிச் சிரித்தார்.

ரேடியோவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. "ஐயோ, என்னால முடியல. நீங்க ரெண்டு பேரும் இல்லாம எங்களுக்குப் பொழுதே போகாது. பன்னெண்டு நாள்ல இவங்களும் ஊரை விட்டுக் கிளம்பிட்டா நான் யார் வீட்டுக்குப் போய்..."

அங்கே நிறுத்தினாள். தாமதமாக நிறுத்தினாள்.

ஓவன் மணி அடித்தது. இரண்டாவது பீட்சா வெந்துவிட்டது. யாரும் எழவில்லை.

"எந்த ஊருக்கு?" என்றாள் அக்கா. தங்கையின் கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "துறைமுகத்துப் பக்கம், அக்கா. பெரிய கட்டடங்க வருது. லிஃப்ட் பிரிவுக்கு என்னைப் பொறுப்பா போட்டிருக்காங்க. ரெண்டு ராத்திரி ரயில்."

"நல்ல வேலையா?"

"ஆமாக்கா."

"நல்லது தம்பி."

"அக்கா, நானே சொல்லணும்னு..." என்றாள் சின்னவள்.

"பீட்சா கருகுது பாரு" என்றாள் அக்கா.

கையிலிருந்த உப்பில்லாத துண்டை ஓரம்கூட விடாமல் தின்று முடித்தாள். பாஸ்தாவையும் சாப்பிட்டாள். "இது நல்லா வந்திருக்கு" என்றாள். நன்றாகத்தான் வந்திருந்தது. அக்கா நிறுத்துப் போட்ட உப்புத் தண்ணீரில் வெந்த பாஸ்தா. ஆனால் சின்னவளின் நாக்கில் அது சூடு என்பதைத் தவிர எதுவும் தெரியவில்லை.

*

நாலு மணிக்கு நண்பர்கள் கிளம்பினார்கள். ரேடியோ வாசலில் சின்னவளின் கையைப் பிடித்து, "நாக்கை அறுத்துக்கலாம் போல இருக்குடி" என்றாள். "அப்புறம் எதால பேசுவே?" என்று சின்னவள் அவளை அனுப்பிவைத்தாள்.

உள்ளே அக்கா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த தூரிகையால் மாவைத் தட்டி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பல்லுக்குப் பல் துடைத்தாள். சின்னவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

மூன்று வருடமாக அவள் ஒரு வாக்கியத்தைத் தைத்து வைத்திருந்தாள். *இது உன் வீடும்தான், அக்கா.* எத்தனையோ முறை பிரித்துத் தைத்துச் சரிசெய்த வாக்கியம். இன்று எடுத்துப் பார்த்தால் அது யாருக்கும் பொருந்தாத சட்டையாக இருந்தது. பன்னிரண்டு நாளில் இது அவள் வீடும் இல்லை.

"அந்த ஊர்த் தண்ணி எப்படியோ" என்றாள் அக்கா, திரும்பாமலே. "மாவு வேற மாதிரி வரும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."

"சரி."

"உன் கையளவை அங்க நம்பாதே. தராசை எடுத்துட்டுப் போ."

"சரிக்கா."

ஏப்ரனைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள். மூலையில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். "அஞ்சு மணிக்கு டியூட்டி" என்றாள். படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் குறைந்தது.

சின்னவள் சமையலறைக்கு வந்து மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். மெஷினை மூடத் துணியை எடுத்தவள் நின்றுவிட்டாள்.

ஓட்டை காலியாக இருந்தது.

இழுப்பறையைத் திறந்தாள். தொட்டிக்குள் பார்த்தாள். மெஷினுக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போய் ஏப்ரன் பாக்கெட்டில் கையை விட்டாள். ஒன்றில் கொஞ்சம் மாவு. இன்னொன்றில் நாலாக மடித்த காகித உறை. பிரித்தாள். காலை, மதியம், இரவு. உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன தேடறே?" என்றான் கணவன்.

"கைப்பிடி."

அவனும் பார்த்தான். "மறந்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அன்னைக்கு மாதிரி."

"அன்னைக்கு ஏப்ரன் பாக்கெட்ல இருந்துச்சு. இன்னைக்கு ஏப்ரன் இங்க இருக்கு."

அவன் மெல்ல எழுந்து டூல் பையைக் கிட்டத்தில் இழுத்தான். "என்னோடது இருக்கு."

"வேண்டாங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அது அங்கேயே இருக்கட்டும்."

பால்கனிக்கு ஓடினாள். கீழே, எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் பை மடியில். அதன் மேல் இரண்டு கையும்.

பஸ் வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்தான். நின்றது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது, போனது. அக்கா எழவில்லை.

நாலு இருபதுக்கு இன்னொன்று வந்தது. அதுவும் போனது. அக்கா மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*கேட்டிருந்தா வந்திருப்பேன்.*

சின்னவள் கையிலிருந்த துணியைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

படிகளில் ஓடும்போது என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடியையா? மூன்றாம் மாடியில் மன்னிப்பு வந்தது. அது இப்போது போதாது என்று பட்டது. இரண்டாம் மாடியில் துறைமுகத்துப் பக்கத்து வீடு நினைவுக்கு வந்தது. போன மாதம் போய்ப் பார்த்த வீடு. அதிலும் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் கடலைப் பார்த்துத் திறக்கிறது. அந்த அறையில் என்ன வைப்பது என்று கணவன் கேட்டபோது, "அப்புறம் பாக்கலாம்" என்றிருந்தாள். அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கும். மருந்து கொடுக்கும் ஜன்னல் இருக்கும்.

அதைக் கேட்க ஒருவருக்கு உரிமை உண்டா? இருபத்தைந்து வருடத்தை வளர்ப்பதிலேயே செலவழித்த ஒருத்தியிடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று?

முதல் மாடியில் கால் தடுக்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள்.

தெருக்கதவைத் திறந்தபோது மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. பெஞ்சை முழுதாக மறைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டாள்.

இன்ஜின் சத்தத்தில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. பஸ் மெல்ல நகரத் தொடங்கியது.